‘பூட்டிய வீடு’ என்று எழுதப்படுகிறவர்கள்

வீடு வீடாகப் போய் எடுக்கும் சுகாதாரக் கணக்கெடுப்புப் படிவத்தில் மேலேயே ஒரு கட்டம் இருக்கும்: ‘வீடு பூட்டியிருந்தது’. அதில் ஒரு டிக் போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். இராமநாதபுரம் கடற்கரையில் அந்த டிக்குகள் யார் வாசலில் விழுகின்றன என்று பார்த்தாலே போதும். இந்தக் கரையின் நோய்கள் ஏன் எந்த அறிக்கையிலும் துலக்கமாகத் தெரிவதில்லை என்பது புரிந்துவிடும்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துக்கு, கடற்பாசி எடுக்கப் போகும் நாளில் காலை 10 மணிக்குப் போனால், பாசி எடுக்கும் பெண்கள் வள்ளமேறிப் போயிருப்பார்கள். மதியம் தாண்டித்தான் கரைக்கு வருவார்கள். வாலிநோக்கத்தில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ராத்திரி வலை போட்டு விடியலில் திரும்பியவர் 10 மணிக்கு அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்ப வீட்டில் மனம் வராது. கணக்கெடுக்க வருகிறவர்களுடைய நேரமோ காலை 10 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்தில் வீட்டில் கிடைப்பவர்கள் முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், உடம்பு முடியாமல் படுத்திருப்பவர்கள். ஆக, கடலோரக் கிராமத்தின் உடல்நலம் என்று அறிக்கையில் ஏறுவது கடலுக்குப் போகாதவர்களின் உடல்நலம்.

ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளக் கரை இது. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். 2018-ல் ஒன்றிய அரசு பின்தங்கியவை என்று பொறுக்கி எடுத்த மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டே: விருதுநகரும் இராமநாதபுரமும். அதன் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. ஆனால் பாசிக்காரப் பெண்ணுக்கும் உப்பளத்துக்காரருக்கும் என்ன நோய், எவ்வளவு, ஏன் என்ற அறிவு மட்டும் பின்னாலேயே நிற்கிறது. மருந்து வாசலுக்கு வந்தாலும், எந்த மருந்து வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கில் இவர்கள் இல்லை.

மாவட்ட சராசரிக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள்

தேசிய குடும்பநல ஆய்வு மதிப்புள்ள வேலை. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஏறத்தாழ 900 வீடுகள், ஒரு தொகுதிக்கு (மாதிரியாகப் பொறுக்கிய ஓர் ஊர் அல்லது தெருக்கூட்டம்) 22 வீடுகள் என்று எடுத்து, மாவட்டம் முழுவதற்கும் ஓர் எண் தருவது அதன் வேலை. 2011 கணக்குப்படி இராமநாதபுரத்தில் பெண்கள் ஏறத்தாழ 6.7 லட்சம். பாசி எடுப்பவர்கள் 5,000 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மாவட்டத்தில் 1,000 பெண்களை எடுத்தால் சராசரியாக 7 பேர் பாசிக்காரர்கள். அதுவும் அவர்கள் மாவட்டமெங்கும் சமமாகப் பரவியிருந்தால்தான். அவர்களோ தென்கரையின் ஒரு சில ஊர்களில் குவிந்திருக்கிறார்கள். பொறுக்கிய தொகுதிகளில் அந்த ஊர் விழவில்லை என்றால் 7 பேரும் பூஜ்யம் ஆகிவிடுவார்கள்.

இவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் இவர்களுக்கென்றே மாதிரி எடுக்க வேண்டும். பாதிப்பு எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாதபோது பாதிப்பேருக்கு இருக்கலாம் என்று வைத்து, நூற்றுக்கு 5 கூடவோ குறையவோ பிழைக்கு இடம் விட்டால், 384 பேர் வேண்டும். ஊர் ஊராகக் குவியலாக எடுப்பதால் அதை இரண்டால் பெருக்குவது வழக்கம்: 768. வராதவர்களுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 850 ஆகும். பாசிக்காரருக்கு ஒரு 850, உப்பளத்தாருக்கு ஒரு 850. இரண்டையும் கலந்து 850 எடுத்துவிட்டு ‘கடலோரத் தொழிலாளர்கள்’ என்று தலைப்பிடுவது பல இடங்களில் நடக்கிறது. தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறுகிறவரையும் வெயிலில் ஆறு மணி நேரம் காய்கிறவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற ஆள் எந்த ஊரிலும் இல்லை.

பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கூட்டுறவுச் சங்கப் பட்டியல் ஒன்றையே நம்பினால் சங்கத்தில் சேராதவர், சந்தா கட்ட முடியாமல் விட்டவர், சொந்தமாக வள்ளம் இல்லாமல் பங்குக்கோ கூலிக்கோ போகிறவர் விடுபடுவார்கள். மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் கூலி வேலைக்குப் போகிற இடமும் பட்டியலில் உள்ள முகவரியும் வேறு வேறு. சங்கப் பட்டியல், கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, பாசியோ உப்போ கொள்முதல் செய்கிறவரின் கூலி நோட்டு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஒரு பட்டியலில் இருந்து மற்றதில் இல்லாதவர் எத்தனை பேர் என்பதே விடுபட்டவர் அளவை ஓரளவு சொல்லிவிடும்.

இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. இன்று கடலில் இறங்கும் பெண்களை மட்டும் எடுத்தால் அவர்கள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். முடிந்தவர்தானே இறங்குகிறார்? இடுப்பு போனவர், காது போனவர், பார்வை மங்கியவர் எல்லாம் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘இந்த வேலையால் பெரிய பாதிப்பு இல்லை’ என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் வேலையை விட்டவர்களையும் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டும், ஏன் விட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

கடலின் நாட்காட்டி

பாசிக்காரப் பெண்களின் மாதம் ஞாயிற்றுக்கிழமையில் திரும்புவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில்தான் பாசிக்குப் போவார்கள். இடைப்பட்ட நாட்கள் ஓய்வு, காய வைத்தல், வீட்டு வேலை. நேர்காணலுக்கும் ரத்தம் எடுக்கவும் அந்த இடைநாட்கள் தோது. கைகால் வெட்டுக்காயம், தோல் புண், காதடைப்பு ஆகியவற்றைப் பார்க்கவோ வேலை நாள் முடிந்த மறுநாளே போயாக வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் உப்புத்தண்ணீரில் ஊறிய புண் ஆறிவிடும், அவரும் மறந்துவிடுவார்.

ஆண்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கும். வாடையில் வடகடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் பெரும்பாலும் கரையில் கிடைப்பதால் ஆய்வாளர்களுக்கு அந்தக் காலம் மிகவும் பிடிக்கும். அதிலேதான் கண்ணி இருக்கிறது. தடைக்காலத்தில் கையில் காசு குறைவு, சாப்பாடு வேறு, தூக்கம் வேறு, கடன் கூடுதல், சிலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்போது எடுத்த எடையும் பிரஷரும் மனச்சோர்வு மதிப்பெண்ணும் அந்த 61 நாளுக்கே உரியவை. ஆண்டு முழுவதற்கும் அதை நீட்டினால் தவறு. போதாக்குறைக்கு, நிவாரணம் வழங்கும் காலமும் அதுதான். நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் நிவாரணப் பட்டியலுக்கு என்று நினைப்பது இயல்பு. படகு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், வருமானம் கேட்டால் குறைப்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை. முந்தைய நோட்டுகளில் எதற்கு என்ன கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ‘இதற்கும் நிவாரணத்துக்கும் சம்பந்தமில்லை, சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அதில் எதுவும் மாறாது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லியாக வேண்டும்.

அந்த ‘பூட்டிய வீடு’ கட்டத்தை உடைக்கலாம். கடலுக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார், பல நாள் தங்கல் மீன்பிடிக்குப் போயிருக்கிறார், வெளியூர் வேலை, குடியே இல்லை என்று ஐந்து குறியீடுகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போக வேண்டிய நேரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு மூன்று முறை போவது வழக்கமான விதி. மூன்றும் ஒரே வாரத்தின் பகல் 11 மணியாக இருந்தால் அது ஒரு முறை போனதற்குச் சமம். ஒன்று பகல், ஒன்று மாலை 6-க்கு மேல், ஒன்று கடல்நீர் ஏற்றவற்றம் மாறிய வேறு நாளில் என்று இருக்க வேண்டும். இதற்குக் கூடுதலாகச் செலவாகும். திட்ட நிதியில் முதலில் வெட்டு விழுவதும் இங்கேதான்.

கருவி சரியாக இருந்தும் எண் தவறாவது எப்படி

ரத்த அழுத்தத்தில் தொடங்கலாம். குறைந்தது 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, 3 முறை எடுத்து, முதலாவதை விட்டுப் பின்னிரண்டின் சராசரி எடுப்பது வழக்கமான முறை. அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி, வெற்றிலை புகையிலை கூடாது. இதில் கரையில் தவறுவது கைப்பட்டை. கையின் சுற்றளவு 22 முதல் 26 செ.மீ. வரை சிறிய பட்டை, 27 முதல் 34 வரை நடுத்தரம், அதற்கு மேல் 44 வரை பெரியது. வலை இழுத்து உரமேறிய கைக்கு நடுத்தரப் பட்டையை இறுக்கிக் கட்டினால் எண் கூடும், இல்லாத பிரஷர் வந்துவிடும். மெலிந்த மூதாட்டியின் கைக்கு அதே பட்டை பெரிது, இருக்கிற பிரஷர் மறைந்துவிடும். மூன்று அளவும் பையில் இருக்க வேண்டும், டேப்பால் அளந்துதான் கட்ட வேண்டும். உப்பளத்தில் வேலை முடிந்து வருகிறவரை நிழலில் உட்காரவைத்து உடனே எடுப்பதும் தவறு. வியர்வையில் நீர் இழந்த உடம்பில் அழுத்தம் தாழ்ந்து காட்டும். பிரஷர்காரருக்கு ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவோம், அவரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

ரத்தசோகைக்கு விரல் நுனியில் குத்திப் பார்ப்பது எளிது. பாசி எடுக்கும் பெண்ணின் விரல்களைப் பார்த்தவர்கள் யோசிப்பார்கள். பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துப் பிய்த்து, துணி சுற்றியிருந்தும் வெட்டுப்பட்டு, தோல் தடித்துக் கிடக்கும். ஊசி ஆழமாக இறங்காது. ரத்தம் வராததால் விரலைப் பிதுக்குவார்கள். பிதுக்கினால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைந்து காட்டும். மறுநாள் அதே விரலோடு அவர் கடலில் இறங்கினால் குத்திய இடம் சீழ் பிடிக்கும். இவர்களுக்குக் கையின் சிரையிலிருந்து 2 மில்லி எடுத்து ஊதா மூடிக் குழாயில் போடுவதே முறை. விரலில்தான் எடுக்க வேண்டும் என்றால் அதிகம் புழங்காத கையின் மோதிர விரலில், பக்கவாட்டில், முதல் துளியைத் துடைத்துவிட்டு, பிதுக்காமல், இடைநாளில் எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு, கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே, ஆணுக்கு 13-க்குக் கீழே இருந்தால் சோகை.

சர்க்கரை நோயில் ஒரு சிக்கல். வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது. நள்ளிரவில் கஞ்சி குடித்துவிட்டு 2 மணிக்குக் கடலேறுகிறவரின் ‘காலை வெறும் வயிறு’ எது? கடைசியாகச் சாப்பிட்ட மணியைக் கேட்டு எழுதாமல் எடுத்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அதனால் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி போதுமே என்று தோன்றும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அந்த எண் உண்மைக்கு மேலே காட்டக்கூடும். சோகை மிகுந்த ஒரு கூட்டத்தில் அதை மட்டும் நம்பினால் சுகர் இல்லாதவர்களையும் சுகர்காரர்கள் ஆக்கிவிடுவோம். இரண்டும் எடுத்து, ஹீமோகுளோபினையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். குளுக்கோஸுக்கு எடுத்த ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் போக வேண்டும். சாதாரணக் குழாயில் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை எண் இறங்கும். மூக்கையூரில் எடுத்துவிட்டு இராமநாதபுரம் ஆய்வகத்துக்குச் சேர்க்க மூன்று மணி நேரம் ஆனால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிறுநீரகம் இந்தக் கரையில் அவசரமான கேள்வி. தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். கண்ணைக் கூசும் வெள்ளைப் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்கள் தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்கு மறதி காரணமில்லை. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில் நாள் முழுதும் அடக்கிக்கொள்ளும் பெண் சொம்பைத் தொடமாட்டார். ‘போதிய நீர் அருந்துங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதைவிட ஒரு மறைப்பு கட்டிக் கொடுப்பது சிறுநீரகத்துக்கு நல்லது.

அளக்கும்போது கிரியேட்டினினுக்கு (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு; அதை வைத்துத்தான் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள்) ரத்தம் வேலைக்கு முன், விடியலில் எடுக்க வேண்டும். வேலை முடிந்து எடுத்தால் நீரிழப்பாலும் தசை உழைப்பாலும் எண் தற்காலிகமாக ஏறியிருக்கும். முந்தின ராத்திரி வயிறு நிறைய மீனோ கறியோ சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சம் ஏறும், அதையும் கேட்டு எழுத வேண்டும். ரத்தம் அரை மணி நேரம் உறைந்தபின் சுழற்றிப் பிரித்து, 2 முதல் 8 டிகிரிக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். பிரிக்காமல் மேடுபள்ளச் சாலையில் குலுக்கிக் கொண்டுபோனால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் முதலான எண்கள் கெட்டுவிடும். சுழற்றியை இயக்க இன்வெர்ட்டரும் கூடவே போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரு தடவை வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே வந்தால் அது நாள்பட்ட நோய் ஆகிவிடாது. 3 மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் அந்தப் பெயர்.

உப்பை உணவில் மட்டும் தேடுவதும் ஒரு தவறு. கருவாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குடிக்கிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் ஊற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோதான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை ஒரு நாளைக்கு 5 லிட்டர் குடித்தால் 2.5 கிராம் சோடியம், அதாவது 6 கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 5 கிராம்தான். சாப்பாட்டில் ஒரு கல் உப்புகூடப் போடாமலே வரம்பு தாண்டிவிடும். வெயிலில் உழைக்கிறவர் குடிக்கிற அளவும் அதிகம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் குடத்து நீரில் ஒரு பாட்டில் எடுத்துச் சோடியமும், நீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் அளவான மொத்தக் கரைதிடமும் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை.

உடலில் சேரும் உப்பை அறிய 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பதுதான் நம்பகமான முறை: காலையில் வரும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதன்பின் வரும் எல்லாவற்றையும் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை கேனில் பிடிப்பது. ஆறு மணி நேரம் கடலில் நிற்கிற பெண்ணால் இது முடியாது. வீட்டில் கழிப்பறை இல்லாதவர் கேனைத் தூக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போகக் கூசுவார். இடைநாளில்தான் கேட்க முடியும். உப்பளத்தாருக்கோ உப்பின் பெரும்பங்கு வியர்வையில் போய்விடுவதால் சிறுநீரில் வருவது குறைவாகக் காட்டும். ‘இவர்கள் உப்புக் குறைவாகத்தான் உண்கிறார்கள்’ என்று அதைப் படித்துவிடக் கூடாது.

கேள்வியின் தமிழ்

ஆங்கிலப் படிவத்தைச் சென்னையில் ஒருவர் மொழிபெயர்த்திருப்பார். ‘உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளதா?’ என்று அச்சில் இருக்கும். கேட்பவர் வாசிப்பார், எதிரில் இருக்கும் அக்கா ‘இல்லீங்க’ என்பார். ‘பிரஷர் மாத்திரை திங்கிறியளா அக்கா?’ என்று கேட்டால் ‘ஆமா, ரெண்டு வருசமா’ என்பார். இரத்தசோகை என்றால் புரியாது, ‘ரத்தம் கம்மின்னு சொன்னாகளா?’ என்றால் புரியும். சிறுநீர் எரிச்சலுக்கு நீர்க்கடுப்பு. வெயிலில் வரும் தலைச்சுற்றலைக் கிறக்கம் என்பார்கள், அதுதான் வெப்பத் தாக்கத்தின் முதல் அறிகுறி. மனச்சோர்வைக் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்று வரும். தூக்கம் வருகிறதா, கைகால் உளைச்சல் இருக்கிறதா, மனசு எதிலும் ஒட்டுகிறதா என்று கேட்டால் பேச்சு வரும். அச்சடிக்குமுன் அந்தந்த ஊரில் 10, 15 பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, ‘இப்ப நான் என்ன கேட்டேன்னு நீங்க சொல்லுங்க’ என்று திருப்பிச் சொல்லவைத்தால் பாதிக் கேள்விகள் அன்றே மாறிவிடும். வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நாட்களில் கடலில் இறங்குவது பற்றியெல்லாம் பெண்கள்தான் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் இல்லாத இடமாகவும் வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

2009-ல் அன்றைய ஆந்திரத்தின் (இன்று தெலங்கானா) கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை தந்தது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் சிலர் இறந்திருந்தார்கள்; அதற்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பதிலாக அதிகாரம் உள்ள யாரோ கையெழுத்துப் போடலாம் என்று எல்லோரும் எண்ணியதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கடற்கரையில் அந்த ‘யாரோ’ ஊர்த்தலைவராக, ஜமாத்தாக, தேவாலயப் பங்குக் குழுவாக இருப்பார்கள். அவர்களிடம் முதலில் போய்ச் சொல்வது மரியாதை, தேவையும்கூட. ஆனால் ஊர்க் கூட்டம் சரி என்று சொன்னது ஊருக்குள் வர அனுமதி மட்டும்தான். ஒருத்தியின் கையில் ஊசி குத்த அது அனுமதி ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருந்து எல்லாவற்றையும் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். கொள்முதல் செய்கிற வியாபாரியோ கணக்கப்பிள்ளையோ அந்தச் சாட்சியாகக் கூடாது. அவர்களிடம் முன்பணம் வாங்கியவர் வேண்டாம் என்று சொல்வதெப்படி? ‘5 மில்லி’ என்றால் பயமாக இருக்கும், ‘ஒரு தேக்கரண்டி ரத்தம்’ என்றால் கண்ணுக்குத் தெரியும். அரை நாள் வேலை கெட்டால் அரை நாள் கூலி தருவது லஞ்சம் இல்லை. ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதி ஒப்புதல் வாங்கிக்கொண்டால் போதும்.

இந்தக் கரைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. எந்தத் தீவோரம் பாசி எடுத்தீர்கள் என்று எழுதிவைத்தால் அது நோய்க்காரணத்தை அறிய உதவும். வனத்துறை வழக்குக்கும் உதவும். 1974, 1976 ஒப்பந்தங்களால் வரைந்த கடல் எல்லையைத் தாண்டினாரா என்பதும் அப்படித்தான். கைப்பேசிச் செயலி தானாகவே இடத்தைப் பதிவு செய்யும், அதை அணைத்துவைக்க வேண்டும். தொழில் செய்த இடத்தை ஆழம், தரை வகை, கரையிலிருந்து எத்தனை மணிப் பயணம் என்று மட்டும் கேட்டால் ஆய்வுக்குப் போதும். 60 வீடுள்ள ஊரில் ‘45 வயது, விதவை, சங்கு குளித்தவரின் மனைவி’ என்று எழுதினால் பெயரை எழுதியதற்கு மேல். 5 பேருக்குக் குறைவான எந்த அட்டவணைக் கட்டத்தையும் அறிக்கையில் வெளியிடக் கூடாது, ஊர்ப்பெயரையும் பக்கத்து ஊர்களோடு சேர்த்துவிட வேண்டும்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே தர்காவை நாடி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்துச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒப்புதல் சொல்லும் நிலையில் இல்லாதவர்களிடம் ஆய்வு செய்ய மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 99-ஆம் பிரிவு. தர்காவை நாடி வருகிறவரின் நம்பிக்கையை இகழ்ந்து தொடங்கும் எந்த ஆய்வும் அங்கே நுழையாது. துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் என்று அரசு மனநலக் குழு அங்கேயே உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கியபின் மருந்துக்கு ஆள் வந்தது.

முடிவுத் தாள் யார் கைக்கு

ரத்தம் கொடுத்தவருக்கு அவருடைய எண் தெரிய வேண்டும். பிரஷர் 180-க்கு 120 என்ற அளவைத் தொட்டால் அன்றே, அங்கேயே சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டி ஏற்ற வேண்டும். சோகை கடுமை என்றால், கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழ், மற்றப் பெண்களுக்கு 8-க்குக் கீழ், ஆய்வகம் சொன்ன அன்றே தொலைபேசியில். மற்றவை 15 நாளுக்குள், கையில், தமிழில், எண்ணுக்குப் பக்கத்தில் ‘என்ன செய்ய வேண்டும்’ என்ற ஒரு வரியோடு. அந்தத் தாளைப் பார்த்து மாத்திரை தொடங்க ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து எல்லாப் பரிசோதனையும் எழுதுவார்கள், ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். ஊருக்கான முடிவை ஊரில்தான் முதலில் சொல்ல வேண்டும். பாசிக்காரப் பெண்களுக்குச் சாயங்காலம், ஆண்கள் கூட்டத்துக்கு வேறாக. ‘இதில் எது தப்பு?’ என்று கேட்டால் சொல்வார்கள். ஆய்வாளர் விளக்கம் காண முடியாத எண்ணுக்கு விளக்கம் அங்கே கிடைப்பதுண்டு: இன்ன மாதம் இந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று.

பிறகு, சிறுநீரக நோய் நாள்பட்டதா என்று அறியக் காத்திருக்க வேண்டிய அந்த மூன்று மாதம். முதல் சுற்றைத் தை கடைசியில் வைத்தால் உப்பளம் அப்போதுதான் தொடங்கியிருக்கும், வெயிலும் தணிவு. கிரியேட்டினின் கூடியவர்களிடம் இரண்டாம் சுற்றுக்குச் சித்திரை கடைசியில் திரும்பப் போவோம். விசைப்படகுக்காரர் தடைக்காலத்தில் கரையில் இருப்பார், பிடிப்பது எளிது. உப்பளத்தாருக்கு அது உச்ச உற்பத்தி, உச்ச வெயில். முதல் சுற்று எந்த மணியில் எடுத்தோமோ அதே மணியில், விடியலில் 4 மணிக்கு, அவர்கள் சைக்கிள் எடுக்குமுன் வாசலில் இருக்க வேண்டும். அந்த இரண்டாம் பயணத்துக்கான டீசல், குளிர்ப்பெட்டி, இரண்டு ஊழியரின் பத்து நாள் சம்பளம் ஆகியவை முதல் நிதித் திட்டத்திலேயே தனி வரியாக இருக்கிறதா என்று நெறிமுறைக் குழு கேட்க வேண்டும். இல்லையென்றால் முதல் சுற்றுக்கே ஒப்புதல் தரக் கூடாது.